பாதுகாப்பு ஆய்வாளர் வருகை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் நாம் பணிபுரியும் பட்டறைகளுக்குத் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் முன்னறிவிப்பின்றியும் வரக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, நம் விரல்களை எண்ணியாவது, சுழலும் பெல்ட், பல்சக்கரம் ஆகியவற்றின் காப்புமூடிகளை வேலை வேகத்துக்காகக் கழற்றி ஓரமாக வைத்திருப்போர் (நம்மில் பலர் என்பதை மறைப்பதற்கில்லை) உடனே திரும்பப் பொருத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வாளர் பதிவேடுகளைப் புரட்டுவதோடு நிற்பதில்லை. தேவைப்பட்டால் தொழிலாளரையும் விசாரிப்பார். அப்போது உள்ளதைச் சொல்லத் தயங்க வேண்டாம். புகார் அளித்தவர் யார் என்பதை ஆய்வாளர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்ற விதி, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இலேயே சேர்க்கப்பட்டது. ஆய்வு நாளன்று மட்டும் புதிய கையுறைகள் வழங்கப்பட்டால், அதையும் அவரிடம் தெரிவிக்கலாம்.