மூடிப்போன மில்லில் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூடிப்போன பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் பி.எஃப். பணம் பற்றி எழுதுகிறேன். நான் கோவைப் பக்கம் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில் (நூலைக் கோனில் சுற்றும் பிரிவு) இருந்தவள். அந்த மில் இப்போது இல்லை, இருந்த இடத்தில் வீட்டுமனை போட்டுவிட்டார்கள். மூடும் வரை நான் வேலையில் இருந்ததால், கணக்கு முடிக்கும்போதே, பணம் எடுப்பதற்கான என் பாரங்களிலும் நிர்வாகம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. பணமும் பென்ஷனும் எனக்கு வந்துவிட்டன. கல்யாணம், பிரசவம், படுக்கையில் விழுந்த மாமியார் என்று அதற்கு முன்பே நின்றுபோனவர்களின் கதைதான் வேறு. அவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் பணம் இன்னும் அங்கே இருப்பதே தெரியாது.

என்னோடு அரை நைட் ஷிப்டுக்கு வந்த ஓர் அக்கா 1989 முதல் 2000 வரை ரிங் பிரேமில் (நூல் நூற்கும் எந்திரம்) வேலை செய்தார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம். நின்ற பிறகு எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குக் கேட்டுப் போனபோது, "மில்லில் கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்று பி.எஃப். அலுவலகக் கவுண்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த மில்லில் போய் வாங்குவார்? முதலாளி குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அக்காவும் விட்டுவிட்டார்.

உண்மையில் அந்தக் கையெழுத்து இல்லாமலும் வழி இருக்கிறது. நிறுவனம் மூடிவிட்டது, சான்று தர ஆள் இல்லை என்றால், தொழிலாளி கணக்கு வைத்திருக்கும் வங்கியின் மேலாளர் அடையாள ஆவணங்களைப் பார்த்துச் சான்றளிக்கலாம். கெஜட்டெட் அதிகாரி, போஸ்ட் மாஸ்டர், ஊராட்சித் தலைவர் என்று பழைய பாரத்தின் குறிப்பிலேயே பட்டியல் உண்டு. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்த யு.ஏ.என். எண் (எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் ஒருவருக்கு ஒரே பி.எஃப். எண்) இருப்பவர்கள் 2017 முதல் முதலாளி கையெழுத்தே இல்லாத பாரத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் யு.ஏ.என். வந்தது 2014-இல்தான். 2000-இல் நின்றவருக்கு அது எங்கே இருக்கும்? அதனால்தான் பழைய ஆட்கள் மட்டும் கவுண்டரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு அக்காவின் பாரத்தில் நாங்கள் வங்கி மேலாளரிடம் கையெழுத்து வாங்கினோம். அதே அலுவலகத்தில், வேறொருவர் அந்த இருக்கையில் இருந்த நாளில், ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இதுதான் என் மனதை அறுக்கிறது. ஆளுக்கு ஆள் விதி மாறலாமா? யாருடைய சான்றெல்லாம் செல்லும் என்று தமிழில், பெரிய எழுத்தில், கவுண்டருக்கு மேலே ஒரு பலகை வையுங்கள். நான் கேட்பது முதலில் இதைத்தான்.

அடுத்தது பெயர். மில் பதிவேட்டில் அப்பாவின் இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். நம் ஊரில் கல்யாணமான பெண்கள் பாதிப் பேருக்கு இப்படித்தான். இதைத் திருத்தும் கூட்டு உறுதிமொழிப் பாரத்திலும் நிர்வாகத்தின் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. மூடிய நிறுவனமென்றால் அதிலும் வேறு அதிகாரிகள் சான்றளிக்கலாம். இதையும் அந்தப் பலகையிலேயே எழுதுங்கள்.

பென்ஷன் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதலாளி நம் சம்பளத்தில் 12 சதவீதம் தன் பங்காகக் கட்டுகிறார், அந்த 12-இல் 8.33 பென்ஷன் நிதிக்குப் போகிறது. 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் குறையும். 9 வருடம் 6 மாதம் ஆகியிருந்தாலே 10 வருடமாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மில்லில் ஐந்தைந்து வருடம் பார்த்து, இடையில் பென்ஷன் பங்கை எடுக்காமல் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம். அக்காவிடம் இதை யாருமே சொல்லவில்லை. பி.எஃப். தொகைக்கான 19-ஆம் நம்பர் பாரத்தை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். சேர்த்து, பென்ஷன் பங்குக்கான 10சி பாரமும் கொடுத்து ஸ்கீம் சர்ட்டிபிகேட் (பென்ஷன் சர்வீஸுக்கான சான்றிதழ்) கேட்டோம். அதை வைத்து 58 வயதில் 10டி பாரம் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய்தான், 2014-இலிருந்து அப்படியே நிற்கிறது, அதை உயர்த்தவும் வேண்டும். ஆனாலும் கையில் சொந்த வருமானம் இல்லாத ஒரு பெண்ணுக்கு அது மாத்திரை மருந்துக்காவது ஆகும்.

எடுக்காத கணக்குக்கு வட்டி கிடையாது என்று 2011-இல் அறிவித்தபோது, இனி என்ன கிடைக்கப்போகிறது என்று பல பேர் கைவிட்டார்கள். 2016-இல் அதை மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. இப்போது, 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்று 3 வருடம் கேட்காமல் விட்டால்தான் கணக்கு செயல்படாததாகி வட்டி நிற்கும். அப்போதும் அசல் எங்கும் போகாது. 2023-24 முடிவில் இப்படிச் செயல்படாத கணக்குகளில் சுமார் 8,505 கோடி ரூபாய் இருந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கணக்குகள் 21 லட்சத்துக்கும் மேல். இவர்கள் எல்லாரும் பணம் வேண்டாம் என்றா விட்டிருப்பார்கள்?

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. நல்ல ஏற்பாடு. அதை மூடிய மில்கள் இருந்த ஊர்களில் நடத்துங்கள். மூடிய ஆலைகளின் பெயரையும் பி.எஃப். குறியீட்டையும் ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். தொழிலாளி பெயர் வேண்டாம், மில் பெயரைப் பார்த்தாலே ஆட்கள் வந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் புரோக்கர்தான் முதலில் வருகிறார். வாங்கித் தருகிறேன் என்று அக்காவிடம் ஒருவர் கால் பங்கு கேட்டார். பாரமும் இலவசம், விண்ணப்பமும் இலவசம்.

இதைப் படிக்கும் பழைய மில் தோழிகளுக்கு: சம்பளச் சீட்டும் வருடக் கணக்குச் சீட்டும் தொலைந்துவிட்டால், உங்களோடு வேலை பார்த்தவர்களிடம் அவர்களுடைய பி.எஃப். நம்பரைக் கேளுங்கள். பி.எஃப். நம்பரில் மில்லின் குறியீடு எல்லாருக்கும் ஒன்றுதான், கடைசியில் வரும் கணக்கு எண் மட்டும்தான் வேறு. குறியீடு, சேர்ந்த வருடம், நின்ற வருடம், அப்பா பெயர், பிறந்த தேதி, இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு 27-ஆம் தேதி முகாமுக்குப் போங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பஞ்சாலைத் தொழிலாளி,
கோவை மாவட்டம்.