பூண்டுப் பூக்களை அகற்றாதீர்கள்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பின்புறத் தெருவொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். பதினான்கு வயதில் என் தந்தையார் அழைத்து வந்து உறுப்பினராகச் சேர்த்துவிட்ட நாள் முதல் நம் தமிழ் நூலகத்தின் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். இடப் பற்றாக்குறையாலும், இளம் வாசகர்களின் ரசனையை உயர்த்தும் நோக்கத்தாலும், தரமற்ற பேய் நாவல்களும் இரத்தக்காட்டேரிக் கதைகளும் இனி இரவல் தரப்பட மாட்டா என்று அதில் எழுதியிருந்தது. உள்ளே போனால், ஜன்னலோர அலமாரியின் கீழிரண்டு தட்டுகளும் காலியாக இருந்தன. அங்கிருந்த புத்தகங்கள் மாடிப்படிக்கு அடியில் மூன்று கோணிச் சாக்குகளில் கிடந்தன. அன்றே எழுதியிருந்தால் வெறும் கோபமாகப் போயிருக்கும். அதனால் இரண்டு வாரம் பொறுத்திருந்து, மற்ற உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

அந்த இரண்டு தட்டுப் புத்தகங்களில் நான் படிக்காதது ஒன்றுமில்லை. சிலவற்றை ஐந்தாறு முறை படித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளும் அவற்றின் மேல் ஒரு கட்டுரைத் தொகுப்பை வைத்து மறைத்துக்கொண்டுதான் நூலகர் மேசைக்கு எடுத்து வந்தேன். வீட்டிலும் தலையணைக்கு அடியில்தான் அவற்றுக்கு இடம். உங்கள் அறிவிப்பைப் படித்த அன்று அந்தக் கூச்சம் என்னைவிட்டுப் போய்விட்டது. இடிந்த கோட்டை, நள்ளிரவு மழை, கழுத்தில் இரண்டு பல் தடம், மூர்ச்சையாகி விழும் மணப்பெண், கல்லறைக்குள்ளிருந்து கேட்கும் குரல் என்று போகும் இந்தக் கதைகள் எனக்கு என்ன செய்தன என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை.

2019ஆம் ஆண்டு என் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. அவ்வாண்டின் பிற்பகுதி முழுவதும் நான் மருத்துவமனை வார்டில் ஓர் இரும்பு ஸ்டூலில் இரவுகளைக் கழித்தேன். இரத்தச் சோகை கடுமையானதால் ஒரு டிசம்பர் இரவில் அவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். 350 மில்லி பை ஒன்று ஸ்டாண்டில் தொங்கியது. முதல் கால் மணி நேரம் செவிலியர் அருகிலேயே நின்று நாடியும் காய்ச்சலும் பார்த்துவிட்டு, நடுக்கமோ அரிப்போ கண்டால் உடனே கூப்பிடும்படி கன்னடத்தில் சொல்லிச் சென்றார். அதன்பின் அந்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும் சிவப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. மடியில் இருந்தது நம் நூலகத்து டிராகுலாவின் சுருக்கப்பட்ட தமிழ் வடிவம். கருஞ்சிவப்புக் காலிகோ அட்டை, முதுகில் பிரிந்து தொங்கும் நூல், உள்பக்கத்தில் ஊதா நிற ரப்பர் முத்திரை.

அன்று நான் படித்தது, இரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபுவால் இரத்தம் உறிஞ்சப்பட்டு வாடும் லூசி என்ற இளம்பெண்ணுக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் இரத்தத்தைக் கொடுக்கும் பகுதி. பிராம் ஸ்டோக்கரின் அந்த நாவல் வெளியானது 1897இல். மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதி வெளியிட்டது 1901இல்தான். ஆகையால் கதையில் யார் இரத்தம் யாருக்குச் சேரும் என்ற கேள்வியே எழவில்லை. அன்பிருந்தால் போதும், கையை நீட்டிவிடுகிறார்கள். அன்று மதியம், இரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையின் முடிவுக்காக இரத்த வங்கி வாசலில் மூன்று மணி நேரம் நின்றிருந்த எனக்கு, அந்தப் பக்கங்களைப் படிக்கையில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அம்மாவுக்கு இறங்கிக்கொண்டிருந்ததும் முகம் தெரியாத யாரோ ஒருவர் கை நீட்டிக் கொடுத்ததுதான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

இவ்வளவு துயரத்துக்கு நடுவில் திகில் கதை எப்படி ஆறுதல் தரும் என்று நீங்கள் கேட்கலாம். பல இரவுகள் யோசித்து நான் கண்டுகொண்ட விடை இதுதான். அந்தப் புத்தகங்களில் இருக்கும் பயம் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்ட பயம். வீட்டிலுள்ள ஒருவர் வா என்று அழைக்காமல் இரத்தக்காட்டேரி முதல்முறை வாசற்படி தாண்ட முடியாது. கண்ணாடியில் அதன் உருவம் விழாது. ஓடும் நீரை நினைத்த நேரத்தில் கடக்க அதனால் ஆகாது. சொந்த ஊர் மண்ணில்தான் அது படுத்துறங்க வேண்டும். அதற்காகவே டிராகுலா பிரபு 50 பெட்டிகளில் மண்ணை நிரப்பிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகிறான். (வெயில் பட்டதும் அது மாய்ந்துபோகும் என்பது ஸ்டோக்கர் எழுதியது அன்று, அது 1922இல் வந்த ஜெர்மானிய மௌனப் படம் சேர்த்தது. நாவலில் பிரபு பகலிலும் நடமாடுகிறான், வலிமைதான் குறைந்துவிடுகிறது.) என் அம்மாவின் நோய் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எந்த வாசலில் எதைக் கட்டினால் அது வராது என்று எந்த மருத்துவராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. விதிகள் உள்ள ஓர் அச்சத்துக்குள் இரண்டு மணி நேரம் போய்வந்தால்தான், விதியே இல்லாத இந்த அச்சத்தை விடியும்வரை தாங்க எனக்குத் தெம்பு இருந்தது.

மிகையுணர்ச்சி என்று இக்கதைகளைக் குறை சொல்கிறார்கள். மிகைதான், மறுக்கவில்லை. அந்த மிகைதான் எனக்கு வேண்டியிருந்தது. வார்டில் சத்தமாக அழக் கூடாது. பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் தூக்கம் கெடும், அம்மாவுக்குத் தைரியம் போய்விடும். எங்கள் பாட்டி காலத்தில் துக்கம் வந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். செத்தவர் பெருமையை வானளாவச் சொல்லி, தெய்வத்தையே நிறுத்தி வைத்து நியாயம் கேட்டார்கள். அதை யாரும் மிகை என்று தள்ளியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் மருத்துவமனையிலும் அதற்கு இடமில்லாமல் போன பிறகு, நான் அழ வேண்டியதை அந்த நாவல்களின் கதாநாயகிகள் இடிமுழக்கத்துக்கு நடுவே, மண்டியிட்டு, தலைவிரிகோலமாக எனக்குப் பதிலாக அழுதார்கள். பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூடக் கேட்காமல் நான் அழுது முடித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிராகுலாவில் எனக்கு மிகவும் பிடித்தவள் மீனா. வேட்டைக்குக் கிளம்பும் ஆண்கள் ஆளுக்கொரு நாட்குறிப்பும் கடிதமும் வைத்திருக்க, அவற்றையெல்லாம் வாங்கித் தட்டச்சு செய்து தேதி வாரியாக அடுக்கித் தருபவள் அவள்தான். அந்த அடுக்கு இல்லாவிட்டால் பிரபு எங்கே, எப்போது, எந்தப் பெட்டியில் என்று யாருக்கும் புரிந்திருக்காது. அம்மாவின் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் சீட்டுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கண்டபடி திணித்து வைத்திருந்த நான், மறுநாள் காலை ஒரு ஃபைலும் துளைபோடும் கருவியும் வாங்கித் தேதிப்படி அடுக்கினேன். சுற்று வந்த மருத்துவர் அதைப் புரட்டி, எந்த வாரத்தில் அளவு ஏறத் தொடங்கியது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். தரமற்றது என்று நீங்கள் ஒதுக்கிய வகையைச் சேர்ந்த ஒரு புத்தகம் எனக்குக் கற்றுக்கொடுத்த காரியம் இது.

தரம் என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் கண்ணாடி பீரோவில், பூட்டிய கதவுக்குப் பின்னால், கலிங்கத்துப்பரணி இருக்கிறது. அதில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடும் பேய்கள் குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் அதைப் பரிமாறுகின்றன. அதே பீரோவில் மணிமேகலையும் இருக்கிறது. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்ட சிறுவன் சார்ங்கலன் அச்சத்தில் உயிர்விடுகிறான். அவன் தாய் கோதமை உடலைச் சுமந்து வந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தா என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள்; தெய்வமோ தன்னால் ஆகாது என்கிறது. என் கண்ணுக்கு, எந்த ஐரோப்பியக் கோட்டைக் கதையிலும் இதைவிடக் கனமான காட்சி கிடையாது. இருளையும் பிணத்தையும் பேயையும் கொண்டு துயரத்தைப் பேசுவது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அன்று. காட்டேரிக்குப் படையல் வைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் இருக்கின்றன.

மேல்நாட்டு வரிசையும் சில்லறைப் பேச்சுக்குரியதன்று. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துப் புகை வானை மூடியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனிவா ஏரிக்கரை வீடொன்றில் மழைக்கு அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று தொடங்கியதில்தான், மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனும், அந்த நண்பர்களில் ஒருவரான பாலிடோரி எழுதி 1819இல் அச்சேறிய இரத்தக்காட்டேரிக் கதையும் பிறந்தன. பின்னர் லண்டன் தொழிலாளர்கள் வாரம் ஒரு பென்னி கொடுத்து இத்தகைய கதைகளைத் தவணை தவணையாக வாங்கிப் படித்தார்கள். அந்த மலிவுப் பதிப்பு உலகத்தில் கொடிகட்டிப் பறந்த ஆங்கில எழுத்தாளர் ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவித்தான் நம் ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் எழுதினார். அவர் புத்தகங்களைத் தேடி அலைகிறவர்கள் இன்று ஆய்வாளர்கள். இன்று சாக்கில் கிடக்கும் மாத நாவலை நாளை யார் தேடி வருவார்கள் என்று நாம் எப்படி அறிவோம்?

அந்த இரண்டு தட்டில் பாதிக்கு மேல் நன்றாக எழுதப்பட்டவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அச்சுப்பிழை மலிந்தவை உண்டு. பெண்களை வெறும் இரையாகவே காட்டிச் சலிப்பூட்டுபவையும் உண்டு. தாள் பொடிந்து உதிர்வதைக் கழிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு வகையையே முழுதாகக் கழிப்பது வேறு. இளம் வாசகர்களைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இந்த ஊரில் நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். என் அண்ணன் மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அடுத்த பக்கத்தில் சவப்பெட்டி திறந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பில்தான், ஒரு கோடை விடுமுறையில் எழுத்துக் கூட்டிக் கூட்டி அவன் நூற்றிருபது பக்கம் படித்தான். அதற்கு முன் நான் வாங்கிக் கொடுத்த நீதிக்கதைகளில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.

நூலகத் துறையின் தந்தை என்று நாம் போற்றும் சீர்காழி ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி; ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்த இரண்டு. அவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்ததும், 1962இல் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவியதும், 1972இல் மறைந்ததும் இதே பெங்களூரில். ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலையிடுகிறோம். ஒரு நூலுக்கு வாசகர் உண்டா இல்லையா என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைவிட வேறு சான்று வேண்டுமா? அந்தக் கருஞ்சிவப்பு அட்டைப் புத்தகத்தின் சீட்டில் 39 தேதிகள் இருக்கின்றன. அவற்றில் என்னுடையவை ஆறு.

உங்கள் நோக்கத்தில் நான் துளியும் குறை காணவில்லை. நாவலில் லூசியைக் காப்பாற்றப் பேராசிரியர் வான் ஹெல்சிங் அவள் அறை முழுவதும் பூண்டுப் பூக்களைப் பரப்பி, கழுத்திலும் மாலையாகக் கட்டிவைக்கிறார். இரவில் எட்டிப்பார்க்கும் தாய், அறையில் நெடி தாங்கவில்லையே, மகளுக்கு மூச்சு முட்டுமே என்று பாசத்தோடு பூக்களை அப்புறப்படுத்தி ஜன்னலையும் திறந்துவிடுகிறாள். அந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் அந்தத் தாய்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லையே என்றுதான் வருத்தம் வருகிறது. அதனால்தான் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்: அந்தப் புத்தகங்களின் நெடி எங்களுக்குத் தெரியும், அவை அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சாக்குகளைப் பழைய பேப்பர்க் கடைக்கு அனுப்பும் முன், நிற்கக்கூடிய புத்தகங்களைப் பிரித்தெடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் இன்னும் நான்கு உறுப்பினர்களும் வருகிறோம், அனுமதி தாருங்கள். பைண்டிங் செலவை நாங்களே ஏற்கிறோம். இரண்டு தட்டு வேண்டாம், ஒன்று போதும். ஜன்னலோரமாக இல்லாவிட்டாலும் சரி.

அம்மா 2020 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கருஞ்சிவப்பு அட்டைப் புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் அறிவிப்புக்கு முந்தைய வாரம் மீண்டும் இரவல் வாங்கினேன். முதுகு நூலைத் தைத்து வைத்திருக்கிறேன். எனக்கு அடுத்து அதைக் கேட்டு முன்பதிவு ஏட்டில் ஒரு பெண்மணி பெயர் எழுதியிருக்கிறார். இம்மாதக் கடைசிக்குள் நான் திருப்பித் தரும்போது, அதைச் சாக்கில் போடாமல், நாற்பதாவது தேதியைக் குத்தி அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
உறுப்பினர் ஒருத்தி,
அல்சூர், பெங்களூரு.