சின்ன ஆன்டெனாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீப்பெட்டி அளவில் ஆன்டெனா செய்த பொறியியல் மாணவர்கள், 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது என்ற மாதிரிச் செய்திகள் மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது வருகின்றன. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் மைக்ரோவேவ் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்: உள்ளே போன சக்தியில் எவ்வளவு காற்றில் அலையாகக் கிளம்பியது என்பதைச் செய்தியிலும் காணோம், பல புராஜெக்ட் அறிக்கைகளிலும் காணோம்.

அறிக்கையில் இருப்பதெல்லாம் எஸ்11 கோடு, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் கோடு, அது மைனஸ் 10 டெசிபலுக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு அர்த்தம், அனுப்பிய சக்தியில் குறைந்தது 90 சதவீதம் திரும்பி வரவில்லை என்பது மட்டுமே. கேபிள் முனையில் ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை விழுங்கிவிடும் நல்ல 50 ஓம் டெர்மினேஷனைத் திருகினால் இதைவிட அழகான கோடு கிடைக்கும், ஆனால் சக்தி முழுவதும் சூடாகிப் போகும். நம் மாணவர்கள் விலை குறைவு என்று எடுக்கும் எஃப்ஆர்-4 என்ற சாதாரண சர்க்யூட் போர்டும் கொஞ்சம் அப்படித்தான், அதிர்வெண் ஏற ஏற அதில் இழப்பும் ஏறும், அந்த இழப்பே கோட்டை நல்லதாகக் காட்டிவிடும்.

அளவைப் பற்றியும் சொல்கிறேன். 3.1 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 97 மில்லிமீட்டர், ஆன்டெனாவுக்குச் சாதாரணமாக வேண்டிய கால் பங்கே 24 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. சின்னது, அகன்ற அலைவரிசை, நல்ல திறன் (உள்ளே போன சக்தியில் அலையாகக் கிளம்பும் பங்கு) மூன்றையும் இஷ்டத்துக்குச் சேர்த்து வாங்க முடியாது என்பதற்கான கணக்கை 1948-லேயே சூ (Chu) என்ற ஆய்வாளர் போட்டுக் காட்டிவிட்டார். போர்டில் கிரவுண்டாக இருக்கும் செப்புப் பகுதியை வெட்டி வெட்டிச் சிறிதாக்கினால் மின்னோட்டம் கேபிளின் வெளிப்புறத்தில் ஓட ஆரம்பிக்கும். எஸ்11 அளக்கும் அனலைசரில் மாட்டிவிட்டு கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள், கோடு நகர்ந்தால் கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் அறிக்கையில் எழுதிய ஆன்டெனா அளவுக்கு மதிப்பில்லை.

இதைச் சோதிக்கப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். பல ஈசிஇ (மின்னணு, தொடர்பியல்) துறைகளில் எக்ஸ்-பேண்ட் பெஞ்ச் (சுமார் 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரைக்கான ஆய்வக அமைப்பு) இருக்கிறது: அலையை உண்டாக்கும் கன் ஆசிலேட்டர், கொம்பு வடிவ ஆன்டெனாவான ஹார்ன், அலையை உணரும் டிடெக்டர், அதன் அளவைக் காட்டும் விஎஸ்டபிள்யூஆர் மீட்டர். 9 அல்லது 10 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஹார்னை அனுப்பும் பக்கம் வைத்து, எதிரே கெயின் (ஒரு திசையில் எவ்வளவு பலமாக வீசுகிறது என்ற அளவு) தெரிந்த இன்னொரு ஹார்னை வைத்து அளவு எடுங்கள். அதே இடத்தில் மாணவர் செய்த போர்டை ஓர் அடாப்டரோடு மாட்டி மறுபடி எடுங்கள், மெதுவாகத் திருப்பியும் பாருங்கள். அடாப்டரின் இழப்பைக் கழித்துவிட்டால் கெயினும், எந்தப் பக்கம் எவ்வளவு வீசுகிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். கீழ் அலைவரிசைகளுக்கும் முழுத் திறனுக்கும் அலை சுவரில் பட்டுத் திரும்பாத எதிரொலியற்ற அறை தேவைதான், சென்னை தரமணியில் உள்ள மைக்ரோவேவ் ஆராய்ச்சி நிறுவனமான சமீர் போன்ற நிறுவனங்களைக் கல்லூரிகள் சேர்ந்து அணுகலாம்.

உங்கள் நிருபர்கள் அடுத்த முறை போகும்போது போர்டைப் படம் எடுப்பதோடு நிற்காமல், கெயின் எவ்வளவு, எதில் வைத்து அளந்தீர்கள் என்று கேட்டுப் போடுங்கள். சிமுலேஷனில் மட்டும் பார்த்தது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஈசிஇ ஆசிரியர் ஒருவர், திருச்சி