மல்லையாவின் வட்டியும் நகைக்கடன் வட்டியும்

ஆசிரியருக்கு,

கிங்ஃபிஷர் விமான நிறுவனத்துக்காக வாங்கிய வங்கிக் கடனைக் கட்டாமல் லண்டனுக்குப் போன விஜய் மல்லையா நாலு மணி நேரத்துக்கு மேல் பேசிய பாட்காஸ்ட் (இணையப் பேட்டி) 2025 ஜூன் மாதம் வெளிவந்ததிலிருந்து எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் அவருக்காக ஒரே உருகல். ‘தீர்ப்பாயம் சொன்னது 6,203 கோடி, பிடுங்கியது 14,131 கோடி. பாவம் மனுஷன், இன்னும் என்னதான் வேண்டுமாம்?’ என்று ஒருவர் போட்டார். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. பொதுமக்கள் சொன்னால் சரி, விவரம் தெரியாது என்று விட்டுவிடலாம். போட்டவர் ஒரு காலத்தில் கடன் பிரிவில் எனக்கு மேலதிகாரி. ‘சார், நீங்களுமா?’ என்று கேட்டேன். பதில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

6,203 கோடி என்பது பெங்களூரு கடன் மீட்புத் தீர்ப்பாயம் 2017 ஜனவரியில் நிர்ணயித்த தொகை. அத்துடன் ஆண்டுக்கு 11.5 சதவீத வட்டியும் சேர்த்து வசூலிக்கச் சொன்னது. கூட்டுவட்டி போடாமல் பார்த்தாலே வருஷத்துக்கு 713 கோடி ஆகிறது; நாளுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி. வட்டியை மறைத்துவிட்டு வசூலை மட்டும் முழுசாகச் சொன்னால் யாருடைய கணக்கும் அநியாயமாகத்தான் தெரியும். அந்த 14,131 கோடியும் (நிதியமைச்சர் 2024 டிசம்பரில் மக்களவையில் சொன்ன எண்) அவராக லண்டனிலிருந்து காசோலை போட்டு அனுப்பியதல்ல. முடக்கி வைத்த பங்குகளையும் சொத்துகளையும் விற்று வந்த பணம். 2021-ல் யுனைடெட் புரூவரீஸ் என்ற பீர் நிறுவனத்தில் அவருக்கிருந்த பங்குகளை விற்றதில் மட்டும் 5,800 கோடிக்கு மேல் வந்தது. கட்ட வந்தேன், வங்கிகள்தான் வாங்கவில்லை என்கிறார். 2016 மார்ச் 2-ம் தேதி நாட்டை விட்டுப் போனவர், அந்த மாதக் கடைசியில் வக்கீல் மூலமாக 4,000 கோடி தருகிறேன் என்றார். அப்போது வங்கிகள் கேட்டது 9,000 கோடிக்கு மேல்.

கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தவள். சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். தோட்டில் கல் இருந்தால் கல்லின் எடையைக் கழிப்பார், உள்ளே அரக்கு இருக்குமோ என்று அதற்கும் கொஞ்சம் கழிப்பார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவின் முகம் ஒவ்வொரு கழிவுக்கும் சுண்டும். இப்படிச் சங்கிலிக்குக் கழித்துப் பார்க்கிற வங்கிகள் கிங்ஃபிஷர் கடனுக்கு அடமானமாக வாங்கி வைத்தவற்றில் ‘கிங்ஃபிஷர்’ என்ற பெயரும் பறவைச் சின்னமும் உண்டு. 2016 ஏப்ரலில் அதை 366.70 கோடி என்று ஆரம்ப விலை வைத்து ஏலம் விட்டார்கள். கேட்க ஓர் ஆள் வரவில்லை. இதில் எங்கள் தலைமையகத்துப் பெரியவர்கள் மேலும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பாட்காஸ்ட் வருவதற்குச் சில நாள் முன்புவரை நம்மூரில் பேச்சு எதைப் பற்றி இருந்தது? அடகு வைக்கிற நகை உங்களுடையதுதானா என்று சான்று பார்க்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் வரைவு விதியைப் பற்றி. பாட்டி போட்ட சங்கிலிக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? முதல்வரே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எங்கள் குழுவில் அதற்கு ஒரு பொம்மைகூட விழவில்லை. உங்கள் நாளிதழிலேயே பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நகை ஏல அறிவிப்பு வருகிறது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்து, கட்டிய வட்டியே வாங்கிய கடனைத் தாண்டிப் போன பிறகும் நகையை இழந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் கட்டியதை யாரும் கூட்டிப் பார்த்துப் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

குற்றம் நிரூபணமாகவில்லையே என்கிறார்கள். உண்மைதான், விசாரணைக்கு ஆள் வந்தால்தானே நிரூபணமாக? வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறது, இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று லண்டன் நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொன்னது. 2020-ல் மேல்முறையீடும் தோற்றது. ஆள் இன்னும் அங்கேதான். இங்கே முடிந்த வழக்கு ஒன்று உண்டு. கோர்ட் உத்தரவை மீறிப் பிள்ளைகளுக்கு 4 கோடி டாலர் மாற்றியதற்காக உச்ச நீதிமன்றம் 2022-ல் 4 மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவருக்காக உருகுகிறவர்கள் இதை மட்டும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

பாட்காஸ்டில் ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டாராம், அந்தத் துண்டை வெட்டி ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றபோதே பல மாதச் சம்பளம் பாக்கி. சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அரசுக்குக் கட்டவும் இல்லை. 2015 டிசம்பரில் கோவாவில் அவருடைய 60-வது பிறந்தநாள் விருந்து மட்டும் ஜாம்ஜாமென்று நடந்தது.

உங்களிடம் கேட்பது இரண்டு. அவர் பேச்சைப் பிரசுரிக்கும்போது, தீர்ப்பாயம் சொன்ன தொகை, வட்டி விகிதம், வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதைப் பக்கத்திலேயே போடுங்கள். அப்புறம், சென்னை விமான நிலையத்தில் கிங்ஃபிஷருக்கு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் நிருபரை அனுப்பி, அவர்களுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.