பாசனதாரர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது; ஐப்பசியில் மட்டும் மழையால் கூடவில்லை. மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்தது. புதாற்றின் (கல்லணைக் கால்வாயின்) கடைமடையான நமக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீதி அறிக்கை முழுக்கத் தோட்டத்துக் குளக்கரை பற்றியது.

அந்தக் குளம் பட்டா நிலத்தில் இருக்கிறது. முழுக்க மண்கரை, இரண்டு ஆள் உயரம். "அணைப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்கே, அதுல மனு போடலாமே" என்று போன பொதுக்குழுவில் கேட்டீர்கள். 2021ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பது போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். நம் கரை பனைமரத்தில் பாதிகூட இல்லை. சட்டத்தின் கணக்கில் அது அணையே அல்ல.

படித்ததில் உறைத்தது வேறொன்று. அணைக்கு அபாய வகை குறிப்பது கரை பழுதா இல்லையா என்று பார்த்து அல்ல. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்து. கீழே வெறும் வயலென்றால் குறைந்த அபாயம். குடியிருப்பு இருந்தால், கரை கல்லுபோல் நின்றாலும் அதிக அபாயம். நான் மாடு மேய்த்த காலத்தில் கரைக்குக் கீழே தரிசும் கோரையும்தான். இப்போது தொகுப்பு வீடுகள், ஒரு அங்கன்வாடி. கரையில் ஒரு கூடை மண் கூடவில்லை, வகை மட்டும் ஏறிவிட்டது.

கரையும் கல்லுபோல் இல்லை. 2018 நவம்பர் கஜாவில் கரைமேல் நின்ற தென்னைகள் சாய்ந்தன. மரத்தை அறுத்து விற்றார்கள், தூரைத் தோண்டவில்லை. கார்த்திகையில், மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்கட்டி அண்ணனோடு போய் ஒரு தூரின் ஓரம் கடப்பாரையைக் குத்தினேன்; பஞ்சில் இறங்குவதுபோல் முக்கால்வாசி இறங்கிவிட்டது. உளுத்த வேர் விட்ட துளைகள் அத்தனையும் தண்ணீருக்கு வழி. அடியில், நண்டு வளைக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று. பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தோம். மதியத்துக்குள் அடியில் ஒரு விரல்கடை வண்டல். தெளிந்த கசிவு மண்கரைக்குச் சகஜம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். "தம்பி, கரை உள்ளுக்குள்ள ஓடுது" என்றார் அண்ணன்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின்மேல் மணல் மூட்டை அடுக்கியவர்கள் நம் உறுப்பினர்களே. தாளடிக்கு, அதாவது இரண்டாம் போக நெல்லுக்கு, இரண்டு நனைப்புக் கூடக் கிடைக்கும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் தண்ணீர் தலைக்கு மேல் ஏறினால் மண்கரை நிற்காது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பிக்கு மேலே இருந்த மச்சு அணை போனதும் மண்கரைமேல் வெள்ளம் ஏறித்தான்.

உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். போனில், "பட்டா என் பேர்ல, பாசனம் உங்க பேர்ல, செலவு மட்டும் யார் பேர்ல?" என்றார். நியாயம்தான். தூர் தோண்ட அனுமதி தருகிறார், டிராக்டர் வாடகையில் பாதியும் தருவார். மீதிக்கு ஏக்கர்வாரி வசூல் போடச் செயற்குழு பரிந்துரைக்கிறது. சித்திரையில் குளம் வற்றியதும் தூர்களை எடுத்து, குழியில் களிமண்ணைச் சாண் சாணாகப் போட்டு இடிக்க வேண்டும்.

அதுவரை ஊற்று பெருத்தால் வெளிப்பக்கம் களிமண் அப்ப வேண்டாம், வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஆற்றுமணலும் அதன்மேல் ஜல்லியும் பரப்புங்கள். தண்ணீர் வடியும், மண் நிற்கும். இரண்டும் அங்கன்வாடிக்குப் பின்னால் குவித்திருக்கிறது. வீட்டு வேலைக்கு யாரும் அள்ள வேண்டாம்.

மணல் மூட்டைகளை வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எடுக்கிறோம். அடுக்கியவர்களே முதலில் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்