பெட்டியைத் திறந்துவிடாதே, மகளே

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குளிர் இறங்கியதிலிருந்து தேன்பெட்டியின் வாயிலில் ஒரு தேனீயையும் காணவில்லை, எல்லாம் உறங்குகின்றனவா, மாண்டுவிட்டனவா என்று கேட்டிருந்தாய். பெட்டியின் பக்கவாட்டில் காதை ஒட்டிவைத்துக் கேள். மெல்லிய ரீங்காரம் விடாமல் கேட்டால், அவை உறங்கவும் இல்லை, மாளவும் இல்லை.

அடைகளின் நடுவே பந்தாகத் திரண்டு, இறக்கைகளை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கவைத்து, உண்ட தேனை அவை வெப்பமாக்கிக்கொண்டிருக்கின்றன. குளிர் மிகுந்தால் பந்து இறுகும், தணிந்தால் தளரும். வெளியே உறைபனி கிடந்தாலும் ராணி இருக்கும் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் இருக்கும். புழு வளர்க்கத் தொடங்கிவிட்டால் அது 35 டிகிரியை நெருங்கும்.

கோடையில் நீ பார்த்த தேனீக்கள் அல்ல இவை. முட்டையிட்ட 21-ஆம் நாள் வெளிவரும் கோடைக்கால வேலைக்காரத் தேனீ, ஓயாத உழைப்பில் ஆறு வாரங்களுக்குள் தேய்ந்து மடிந்துவிடும். அதே ராணி இலையுதிர் காலத்தில் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவையோ, உடலில் கொழுப்பையும் புரதத்தையும் சேமித்துக்கொண்டு, ஆறு மாதம்வரைகூட உயிர் தாங்குகின்றன. எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது. அப்போது வாயிலில் துரத்தப்பட்டதாக நீ வருந்தி எழுதியவை ஆண் தேனீக்கள்; இருக்கும் தேனில் அவற்றுக்குப் பங்கு கொடுத்தால் கூடு பிழைக்காது.

நான் தேனீ வளர்க்கத் தொடங்கிய நாட்களில், குளிர் விலகும் தறுவாயில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, கூட்டம் முழுவதும் வெற்று அறைகளுக்குள் தலையைப் புதைத்தபடி மாண்டு கிடந்தது. அடையைத் தாங்கும் மரச்சட்டங்களில் இரண்டு தள்ளி, மெழுகால் மூடியிட்ட தேன் நிறைந்திருந்தது. கடுங்குளிரில் பந்தைக் கலைத்துக்கொண்டு அந்தச் சிறு தொலைவைக் கடக்க அவற்றால் இயலவில்லை. தேனின் அளவைப் பார்த்த நான், அது இருக்கவேண்டிய இடத்தைப் பார்க்கத் தவறினேன். அந்தக் காட்சி இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

ஆகவே, கவலை மிகுந்தாலும் சட்டங்களை உருவிப் பார்க்காதே. வெளியேறிவிட்ட வெப்பத்தை மீட்க அவை மேலும் தேனைச் செலவிட நேரும். பெட்டியின் பின்புறத்தைக் கையால் சற்றே தூக்கினால் எடையிலேயே இருப்பு விளங்கிவிடும். அவற்றின் மூச்சிலிருந்து எழும் ஈரம் மூடியில் நீராகித் திரண்டு பந்தின்மேல் சொட்டுவது குளிரைவிடக் கொடியது என்பதால், மேலே சிறு காற்றுவழி இருக்கட்டும். பெட்டியும் முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். குளிர்காலத்தின் கடைசியில் ராணி மீண்டும் முட்டையிடத் தொடங்குகையில்தான் தேன் வேகமாகக் கரையும். எடை குறைந்துவிட்டால் பந்துக்கு நேர்மேலே சர்க்கரைக் கட்டி வைத்துவிடு.

கூட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் வாரக்கணக்கில் அடக்கிவைத்திருக்கும் அவை, இளவெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் வெளியே பறந்து மலம் கழிக்கும். பெட்டியைச் சுற்றிப் பனியின்மேல் மஞ்சள் புள்ளிகளைக் கண்ட அன்றே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா