இரண்டு மணி வெடி

வலென்சியா, ஸ்பெயின்
மார்ச் 21

மாப்ள,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. முதலில் பரீட்சை, அப்புறம் வீடு மாறினேன், அப்புறம் இந்த ஊர்த் திருவிழா. இப்போது பெனிமக்லெட் என்ற பேட்டையில் இருக்கிறேன், காலேஜுக்கு நடந்தே போய்விடலாம். கூட இருப்பவர்களில் ஒருத்தன் கொலம்பியாக்காரன், இன்னொருத்தன் பக்கத்துக் கிராமத்துப் பையன்.

ஸ்பானிஷ் பரவாயில்லை. இங்கே 'சரி' என்பதற்கு 'பாலே' என்பார்கள். வந்த புதிதில் எதைச் சொன்னாலும் "பாலே, பாலே" என்றதும் நம்மைத்தான் பலே என்று பாராட்டுகிறார்கள் போல என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டு நேரம்தான் இன்னும் பழகவில்லை, மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, ராத்திரி பத்து மணிக்கு. கிராமத்துப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஆரஞ்சு மர விறகில் பயேயா, முயல்கறியும் கோழியும் போட்டு. அரிசி போட்டபின் கரண்டியே படக்கூடாதாம். கடைசியில் சட்டியின் அடியில் பிடித்த காந்தலுக்கு வீட்டில் அடிதடி, அதற்கு 'சொக்கர்ராத்' என்று தனிப் பெயரே இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைச் சுரண்டித் தின்று அம்மாவிடம் வாங்கிய அடி ஞாபகம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 1 மதியம் சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு டமார் என்று ஆரம்பித்து விடாமல் வெடித்தது. பையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி, எந்தப் பக்கம் புகை வருகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். பட்டாசு செய்யும் பயராபீஸ்கள் நிறைந்த நம்மூரில் பட்டப்பகலில் சத்தம் கேட்டால் வேறென்ன அர்த்தம்? கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே பையை எடுத்துக் கொடுத்தாள்.

அதுதான் 'மஸ்க்லெத்தா'. ஃபாயாஸ் திருவிழாவுக்காக மார்ச் 1 முதல் 19 வரை தினமும் இரண்டு மணிக்கு நகரசபைச் சதுக்கத்தில் வெடிக்கிறார்கள். வானத்தில் பூப்பூவாக விரிவதெல்லாம் ராத்திரிக்கு. இது வெறும் சத்தம், கயிறு கயிறாகக் கட்டித் தொங்கவிட்டு, மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏறி ஏறி, கடைசியில் 'தெர்ரெமோத்தோ', அதாவது நிலநடுக்கம். பறை அடிப்பவன் ஏற்றுவானே, அதே மாதிரிதான். காதைப் பொத்தாதே, வாயைத் திறந்து வைத்துக்கொள் என்கிறார்கள். நெஞ்சாங்கூடு அதிரும். நம்மூரில் சரவெடி கூடாதென்று கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு, இங்கே ஒரு ஊரே சரவெடிக்காக லீவு போட்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

ஆனால் என்னை உலுக்கியது சத்தம் இல்லை. இன்றைக்கு வெடி யாருடையது என்று முன்கூட்டியே அச்சடித்து விடுகிறார்கள். தொடங்கும் முன் மாடத்தில் நின்று ஒரு பெண் வலென்சிய மொழியில், "வெடிக்காரரே, நீங்கள் தொடங்கலாம்" என்று மரியாதையாகச் சொல்கிறாள். முடிந்ததும் அந்த வெடிக்காரர், கையெல்லாம் கரியோடு, அதே மாடத்துக்கு ஏறிப் போகிறார், மொத்தச் சதுக்கமும் கை தட்டுகிறது. "நேற்றையது பிரமாதம், இன்றைக்கு நடுவில் தொய்ந்துவிட்டது" என்று டீக்கடையில் கிரிக்கெட் பேசுவது போலப் பேசுகிறார்கள். பயராபீஸ் போய் வந்த நம் அம்மாக்களின் விரல் இடுக்கில் சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளி நிற மருந்து இருக்குமே, அதற்கு யாராவது ஒரு நாள் கை தட்டியிருக்கிறார்களா?

பொம்மைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெருத் தெருவாக, சிலது ஐந்து மாடி உயரம், அரசியல்வாதியைக் கிண்டல் செய்து வருஷம் முழுக்க வேலை பார்த்துச் செய்கிறார்கள், 19-ஆம் தேதி ராத்திரி எல்லாவற்றையும் கொளுத்திவிடுகிறார்கள். முன்காலத்தில் தச்சர்கள் குளிர்காலம் முடிந்ததும் பழைய கட்டைகளைத் தெருவில் போட்டு எரித்ததில் தொடங்கியது என்று சொல்கிறார்கள், நம் போகி மாதிரி. ஓட்டுப் போட்டு ஓரிரு பொம்மைகளை மட்டும் நெருப்பிலிருந்து தப்பவைத்து மியூசியத்தில் வைப்பார்கள், 1934-இல் இருந்து அந்த வழக்கம். எங்கள் தெருப் பொம்மை எரிந்தபோது தீயணைப்புக்காரர்கள் சுவர்களில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள், அதைச் செய்த சங்கத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கொளுத்தத்தான் செய்தோம் என்று தெரிந்தும் அழுகை. காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால் தெரு கூட்டியாகிவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

பங்குனிப் பொங்கலுக்கு வர முடியாது, டிக்கெட் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப் பொடி கொடுத்துவிடு.

இன்னொன்று. 19-ஆம் தேதி கடைசி மஸ்க்லெத்தாவைக் காட்டலாம் என்று சதுக்கத்தில் நின்றபடி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். நெட் இழுத்தது, படம் வரவில்லை, சத்தம் மட்டும் போயிருக்கிறது. அம்மா பதறிப்போய்க் கேட்டது ஒன்றே ஒன்று:

"எந்தப் பக்கம்டா?"

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்